குறைவாக வசூலித்து, அதிகமாகக் கொண்டாடப்பட்ட ஸ்பைடர்-மேன்: ஒரு நிகழ்வு ஆய்வு

2018 டிசம்பர் 14 அன்று 'ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்' என்ற அனிமேஷன் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் 3.54 கோடி டாலர் வசூல். அந்த வாரத்தின் முதலிடம் அதற்குத்தான். ஆனாலும் ஸ்பைடர்-மேன் பெயரைத் தாங்கிய படத்துக்கு அது சின்னத் தொகை. முந்தைய ஆண்டு டாம் ஹாலண்ட் நடித்து வந்த 'ஹோம்கமிங்' இதே மூன்று நாளில் 11.7 கோடி எடுத்திருந்தது. ஓட்டமெல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது உலகம் முழுக்க 38 கோடி டாலர் சொச்சம் வந்திருந்தது. சோனி வெளியிட்ட ஸ்பைடர்-மேன் படங்களிலேயே குறைவாக வசூலித்தது இதுதான்.

இதே படம்தான் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. முதல் நாள் திரையரங்கை விட்டு வெளியே வரும் ரசிகர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் 'ஏ பிளஸ்' வாங்கியது. அதற்கு மேல் அங்கே மதிப்பெண் கிடையாது. நாலரை ஆண்டு கழித்து 2023 ஜூனில் இரண்டாம் பாகம் வந்தபோது, முதல் மூன்று நாளிலேயே 12 கோடி டாலர். அதாவது முதல் படத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

ஒரு படம் எப்படி வரவேற்கப்பட்டது என்று கேட்டால் எல்லோரும் முதலில் ஓப்பனிங் வசூலைத்தான் தேடுகிறார்கள். இந்தப் படத்தில் அந்த எண் கிட்டத்தட்ட எதையுமே சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

படம் வருவதற்கு முன்

சூப்பர்ஹீரோக்கள் ஒன்றுசேரும் அனிமேஷன் படங்கள் 2018க்கு முன்பும் நிறைய வந்திருந்தன. ஆனால் பெரும்பாலும் அவை வீட்டு டிவிடிக்காக எடுக்கப்பட்டவை. மார்வெல் 2006இல் 'அல்டிமேட் அவெஞ்சர்ஸ்' வெளியிட்டது. வார்னர் நிறுவனம் 2007 முதல் டிசி காமிக்ஸ் கதைகளை வரிசையாக இப்படிக் கொண்டுவந்தது. சூப்பர்மேனும் பேட்மேனும் சேர்ந்து ஓடி ஒளியும் 'பப்ளிக் எனிமீஸ்' 2009இல் வந்தது. காமிக்ஸ் படித்தவர்களுக்கு இவை பிடித்திருந்தன. படிக்காதவர்களுக்கு இப்படி ஒன்று வந்ததே தெரியாது. சிக்கனமான செலவு, நேரடியாக அலமாரிக்கு, தெரிந்த கூட்டத்துக்கு மட்டும் விற்பனை என்று ஒரு தனிச் சந்தையாகவே அது ஓடிக்கொண்டிருந்தது.

திரையரங்குக்குத் துணிந்து வந்தவற்றின் கதை வேறு. 1993இல் வந்த பேட்மேன் அனிமேஷன் படம் 'மாஸ்க் ஆஃப் த ஃபேண்டசம்' அரங்குகளில் படுத்துவிட்டது. பிறகு வீடியோ கேசட்டில்தான் ரசிகர்களைச் சேர்த்தது. டிஸ்னி 2014இல் அதிகம் யாருக்கும் தெரியாத ஒரு மார்வெல் காமிக்ஸை எடுத்து 'பிக் ஹீரோ 6' ஆக்கி ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் அதைச் சூப்பர்ஹீரோ படம் என்பதைவிட டிஸ்னி படம் என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். ஸ்பைடர்-வெர்ஸ் வந்த அதே 2018இன் ஜூலையில் 'டீன் டைட்டன்ஸ் கோ' திரைக்கு வந்து, உலகம் முழுக்க 5 கோடி டாலர் அளவோடு நின்றது.

ஸ்பைடர்-மேனைப் பற்றி அலுப்பும் இருந்தது. டோபி மெக்வயர், ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, டாம் ஹாலண்ட் என்று பதினைந்தே ஆண்டுகளில் மூன்று பேர் அந்த முகமூடியைப் போட்டிருந்தார்கள். சிலந்தி கடிப்பதையும் பென் மாமா இறப்பதையும் மனப்பாடமாகச் சொல்ல முடியாத சிறுவன் கிடையாது. 2014இல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்-மேன் 2' எதிர்பார்த்த அளவு போகவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் சோனியின் கணினிகள் ஊடுருவப்பட்டு உள் மின்னஞ்சல்கள் வெளியே கசிந்தன. இயக்குநர்கள் ஃபில் லார்ட், கிறிஸ்டோபர் மில்லர் இருவரையும் வைத்து அனிமேஷன் ஸ்பைடர்-மேன் எடுக்கும் யோசனை வெளியுலகுக்கு முதலில் தெரிந்தது அந்தக் கசிவில்தான். 2015 ஏப்ரலில் முறையாக அறிவித்தார்கள். அப்போது பலருக்கு, நடிகர்களை வைத்து எடுக்கும் படங்களை மார்வெலோடு பங்குபோட்டுக்கொண்ட சோனி, கைச்செலவுக்கு ஒரு கார்ட்டூனும் வைத்துக்கொள்கிறது என்றுதான் தோன்றியது.

போதாததற்கு 2017இல் சோனி பிக்சர்ஸ் அனிமேஷன் 'இமோஜி மூவி'யை வெளியிட்டது. விமர்சகர்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்த ஆண்டின் மோசமான படம் என்று ராஸி விருதும் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டே அதே நிறுவனத்தின் பெயரோடு ஸ்பைடர்-வெர்ஸ் வருகிறது என்றால் மக்கள் என்ன எதிர்பார்ப்போடு வந்திருப்பார்கள்?

சோனி செய்த ஒரு விளம்பர வேலையைப் பாராட்ட வேண்டும். 2018 அக்டோபரில் வந்த 'வெனம்' படத்தின் கடைசியில், பெயர்ப் பட்டியல் எல்லாம் ஓடி முடிந்த பிறகு, ஸ்பைடர்-வெர்ஸின் ஒரு காட்சியை அப்படியே வைத்தார்கள். வெனம் உலகம் முழுக்க 85 கோடி டாலருக்கு ஓடிய படம். கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஸ்பைடர்-வெர்ஸின் நாயகன் மைல்ஸ் யார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

ஒரு கூட்டம், ஒரே ஒரு பையன்

பலர் சேரும் படத்தில் எப்போதும் ஒரு பங்குச் சண்டை இருக்கும். இரண்டு பெரிய நடிகர்கள் சேர்ந்தால் யாருக்கு எத்தனை பாட்டு, யார் கடைசி அடி கொடுப்பது என்று நம் ஊரில் எண்ணுவார்கள் இல்லையா, அதே கணக்குதான். ஒவ்வொரு நாயகனுக்கும் ஓர் அறிமுகம், நடுவில் ஒரு மனத்தாங்கல், பிறகு தோளோடு தோள் நின்று வில்லனை அடிப்பது. டிவிடியில் வந்த கூட்டணிப் படங்கள் பெரும்பாலும் இந்தத் தடத்திலேயே ஓடின. ஆளுக்கு ஐந்து நிமிடம் பிரித்துக் கொடுப்பதிலேயே முக்கால் படம் தீர்ந்துவிடும்.

ஸ்பைடர்-வெர்ஸ் அந்தப் பங்கீட்டுக்குள் போகவே இல்லை. படம் புரூக்ளினில் வாழும் மைல்ஸ் மொரேல்ஸ் என்ற பையனுடையது. அப்பா ஜெஃபர்சன் ஆப்பிரிக்க அமெரிக்கர், போலீஸ்காரர். அம்மா ரியோ புவேர்ட்டோ ரீக்கோ வழி வந்தவர். பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, சாரா பிசெல்லி வரைய, 2011இல் காமிக்ஸில் பிறந்த பாத்திரம் இது. அவனுடைய உலகத்தின் ஸ்பைடர்-மேனை வில்லன் கிங்பின் கண்ணெதிரே கொன்றுவிடுகிறான். வேறு வேறு உலகங்களிலிருந்து வேறு வேறு ஸ்பைடர்-மேன்கள் வந்து விழுகிறார்கள். தொப்பை போட்டு, விவாகரத்தாகி, கால்சட்டையைக்கூட மாற்றச் சோம்பல்படும் பீட்டர் பி. பார்க்கர். க்வென் ஸ்டேசி. கறுப்பு வெள்ளையில் 1930களிலிருந்து வரும் நுவார். ஜப்பானிய அனிமே பாணியில் ரோபோவோடு பெனி பார்க்கர். அப்புறம் ஒரு பன்றி.

இத்தனை பேரும் வந்து இறங்கியும் படம் குழம்பவில்லை, ஏனென்றால் இவர்கள் எல்லோருக்கும் ஒரே கதை. சிலந்தி கடித்தது, வேண்டிய ஒருவரை இழந்தது, முகமூடி போட்டது. ஒவ்வொருவரும் வந்ததும் காமிக்ஸ் அட்டையைக் காட்டித் தன் வரலாற்றை ஒப்பிக்கிறார். முதல் முறை நாம் கேட்கிறோம், இரண்டாம் முறை புன்னகைக்கிறோம், மூன்று பேர் ஒரே மூச்சில் ஒப்பிக்கும்போது அரங்கே சிரிக்கிறது. பதினைந்து ஆண்டாக நமக்கு ஏற்பட்ட அலுப்பைப் படமே எடுத்து நகைச்சுவையாக்கிவிடுகிறது. இதைச் செய்த பிறகு "இன்னொரு ஸ்பைடர்-மேனா?" என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

இந்தப் படம் நின்றதற்குக் காரணம் இதன் ஓவியம் என்று எழுதாத விமர்சனம் இல்லை. ஓவியம் பெரிய விஷயம்தான், அதற்கு வருவோம். ஆனால் என் கணிப்பில் படத்தின் உயிர் மைல்ஸின் பள்ளி விடுதி அறைக் கதவருகே இருக்கிறது. கிங்பினைத் தடுக்கக் கிளம்பும் ஐந்து பேரும் மைல்ஸ் இன்னும் தயாரில்லை என்று முடிவெடுக்கிறார்கள். பீட்டர் அவனை வலையால் நாற்காலியில் கட்டி, வாயையும் ஒட்டிவிட்டுப் போகிறான். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் அப்பாவின் சகோதரர் ஏரன் இறந்திருக்கிறார். அப்பா வந்து கதவைத் தட்டுகிறார். சகோதரர் இறந்த செய்தியைச் சொல்ல வந்தவர், உள்ளே மகன் பதில் பேசாமல் இருப்பதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு மூடிய கதவோடு பேசுகிறார். மகன் உள்ளே கட்டுண்டு, வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகைதான். கூட்டணிப் படத்தின் உச்சம் கூட்டணியில் ஒருவர்கூட அருகில் இல்லாத இடத்தில் நடக்கிறது!

அதற்குப் பிறகுதான் மைல்ஸ் ஓர் உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கும் காட்சி. பிடித்த விரல்கள் விடமாட்டேன் என்று கண்ணாடியையும் பெயர்த்துக்கொண்டு வருகின்றன. மைல்ஸ் கீழே விழுகிறான், ஆனால் கேமரா தலைகீழாக இருப்பதால் நகரத்தின் விளக்குகளுக்குள் மேலேறுகிறான். பார்த்தவர்களில் பாதிப் பேர் படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இங்கேதான் தொடங்குவார்கள். கதவுக் காட்சி இல்லாமல் இந்தக் குதிப்பை மட்டும் வெட்டி எடுத்துப் பாருங்கள்: அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

கண்ணுக்குப் பழகாத படம்

பாப் பெர்சிசெட்டி, பீட்டர் ராம்சே, ராட்னி ராத்மன் மூன்று பேர் இயக்கினார்கள். திரைக்கதை ஃபில் லார்டும் ராத்மனும். சோனி இமேஜ்வொர்க்ஸ் கூடத்தில் வேலை நடந்தது. கணினி அனிமேஷன் என்றால் பிக்சர் மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் வேரோடிப்போயிருந்த காலம். இவர்கள் அச்சடித்த காமிக்ஸ் புத்தகம் அசைவது போல வேண்டும் என்றார்கள். பழைய அச்சில் நிழலுக்கு வைக்கும் புள்ளிகள், குறுக்குக் கோடுகள், முகத்தின் மேல் மையால் இழுத்தது போன்ற வரிகள் எல்லாம் திரையில் வந்தன. முகத்தில் வரும் அந்த வரிகளைச் சரியான இடத்தில் போட, ஓவியர்கள் கையால் வரைந்ததைக் கற்றுக்கொண்டு அடுத்த ஃபிரேமில் எங்கே வரும் என்று ஊகிக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கினார்கள். ஊகம் தவறினால் ஓவியர் திருத்துவார். ஒரு சராசரிப் படத்தில் ஓர் அனிமேட்டர் வாரத்துக்கு நாலு வினாடிக் காட்சி முடிப்பார் என்றால், இந்தப் படத்தில் வாரத்துக்கு ஒரு வினாடிதான் முடிந்தது. ஆட்களைக் கூட்டிக் கூட்டி 140 அனிமேட்டர்களுக்கு மேல் போனார்கள்.

அசைவிலும் ஒரு வேலை செய்தார்கள். திரைப்படம் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். வழக்கமான கணினி அனிமேஷனில் ஒவ்வொரு ஃபிரேமிலும் உருவம் கொஞ்சம் நகரும். ஸ்பைடர்-வெர்ஸில் பெரும்பாலும் இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறைதான் நகர்கிறது. வினாடிக்கு 12 நிலைகள். கையால் வரையும் காலத்து வழக்கம் இது. வேகத்தைக் காட்ட உருவத்தை மங்கலாக்கும் உத்தியையும் தூக்கிப்போட்டார்கள். காட்டுக்குள் மைல்ஸும் பீட்டரும் வலை வீசித் தாவும் இடத்தில் இதைக் கதைக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். பழக்கப்பட்ட பீட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் வழுக்கிக்கொண்டு போகிறான், புதியவனான மைல்ஸ் இரண்டுக்கு ஒன்றாகத் தடுமாறுகிறான். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒருவன் கற்றவன், மற்றவன் கற்கிறவன் என்பது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் ரசிகர்கள் பிரிந்தார்கள். முன்னோட்டத்தைப் பார்த்தபோதே சிலருக்குப் படம் திக்கித் திக்கி ஓடுவதாகத் தோன்றியது, கணினி சரியில்லையோ என்று. திரையரங்கில் இன்னொரு புகார் சேர்ந்தது. தூரத்துப் பொருள்களை மங்கலாக்குவதற்குப் பதில், சரியாகப் பதியாத பழைய அச்சு போலச் சிவப்பையும் நீலத்தையும் விலக்கி வைத்திருந்தார்கள். முப்பரிமாணப் படத்தைக் கண்ணாடி போடாமல் பார்ப்பது போலவே இருக்கும். 3டி காட்சிக்குத் தவறி வந்துவிட்டோமோ, புரொஜக்டரில் கோளாறோ என்று குழம்பியவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. எனக்கு இந்தப் புகார் நியாயமாகவே படுகிறது. கூட்டமான தெருக் காட்சிகளில் எங்கே பார்ப்பது என்று கண் அலைகிறது. கிளைமாக்ஸில் பல உலகங்கள் ஒன்றோடொன்று மோதும்போது நிறத்துக்கு மேல் நிறம் கொட்டி, யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே பிடிபடாத நொடிகள் உண்டு. தலைவலி வந்தது என்று சொன்னவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று ஒதுக்குவது சரியில்லை.

ஆனால் இவர்களில் பலரும் படத்தை வெறுக்கவில்லை. முதல் இருபது நிமிடம் கண் உறுத்தியது, பிறகு மறந்துபோனேன் என்கிற மாதிரிப் பேச்சுதான் அதிகம். அதற்கும் படத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. சிலந்தி கடிப்பதற்கு முன் மைல்ஸின் உலகம் ஓரளவு சாதாரணமாகவே இருக்கும். கடித்த பிறகுதான் அவன் நினைப்பதெல்லாம் மஞ்சள் பெட்டிக்குள் எழுத்தாகத் தலைக்கு மேல் வருகிறது, திரை பக்கமாகப் பிரிகிறது. அவனுக்கே புரியாமல் பயப்படுகிறான். நாமும் அவனோடு சேர்ந்துதான் பழகுகிறோம்.

வாய்மொழியும் டிசம்பரும்

முதல் மூன்று நாளில் 3.54 கோடி எடுத்த படம் அமெரிக்காவில் மொத்தமாக 19 கோடி எடுத்து முடித்தது. ஐந்து மடங்குக்கும் மேல். 'ஹோம்கமிங்' மூன்று மடங்கைக்கூடத் தொடவில்லை, 'வெனம்' அதற்கும் கீழே. இதை வைத்து, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே ஓடிய படம் என்று ஒரு கதை உருவானது.

உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. டிசம்பர் நடுவில் வரும் படங்களுக்குக் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை பின்னாலிருந்து தள்ளும். ஒரு வாரம் கழித்து வந்த 'அக்வாமேன்' கூட முதல் மூன்று நாளைப் போல ஐந்து மடங்குக்கு அருகே போனது. அந்தப் படத்தை யாரும் வாய்மொழி அதிசயம் என்று சொல்வதில்லை. ஆகவே ஸ்பைடர்-வெர்ஸின் ஐந்து மடங்கில் ஒரு பங்கு நாள்காட்டிக்குச் சேர வேண்டியது. அதே சமயம் எதிரில் யார் இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாவது வாரத்தில் 'அக்வாமேன்', 'பம்பிள்பீ', 'மேரி பாப்பின்ஸ்' மூன்றும் வந்து இறங்கின. குடும்பத்தோடு வருபவர்களும் சூப்பர்ஹீரோ ரசிகர்களும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் இழுக்கப்பட்டார்கள். அப்படியிருந்தும் மூன்றாவது வார இறுதியில் வசூல் இரண்டாவதைவிடக் கூடியது.

வெளியே வேறு சில விஷயங்களும் படத்துக்குக் கைகொடுத்தன. போஸ்ட் மலோனும் ஸ்வே லீயும் பாடிய 'சன்ஃப்ளவர்' 2019 ஜனவரியில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் போனது. படத்தில் மைல்ஸ் அதை வரி தெரியாமல் முனகுவான். வெளியே ஊரே முனகிக்கொண்டிருந்தது. ஸ்பைடர்-மேனை உருவாக்கிய ஸ்டீவ் டிட்கோ 2018 ஜூனிலும் ஸ்டான் லீ நவம்பரிலும் காலமானார்கள். படம் வெளியானபோது ஸ்டான் லீ போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கடைக்காரராக வந்து மைல்ஸுக்கு முகமூடி உடையை விற்கும் சின்னக் காட்சியில் அவர் குரல் கேட்கும். உடை என்றைக்காவது பொருந்திவிடும் என்று அவர் நெகிழ்ச்சியாகச் சொல்லி முடித்ததும், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்ற பலகையைக் காட்டுவார்கள். அழப் போனவர்கள் சிரித்துவிட்டார்கள்.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முகமூடிக்குள் யார் இருக்கலாம் என்ற கேள்வி. 2010இல் கறுப்பின நடிகர் டொனால்ட் குளோவரை ஸ்பைடர்-மேனாக நடிக்கவைக்க ரசிகர்கள் இணையத்தில் கோரிக்கை எழுப்பினார்கள். நடக்கவில்லை. குளோவர் ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஸ்பைடர்-மேன் இரவு உடையோடு தோன்றியது பெண்டிஸ் மனதில் மைல்ஸை உருவாக்கும் எண்ணத்துக்கு உரம் போட்டது. படத்தில் ஏரன் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருக்கும். கண் சிமிட்டினால் தவறிவிடும். மைல்ஸின் அம்மா ஸ்பானிஷில் பேசும்போது கீழே மொழிபெயர்ப்பு போடவில்லை. வீட்டில் இரண்டு மொழி புழங்கும் பிள்ளைகளுக்கு அது யாரோ தங்கள் சமையலறைக்குள் வந்து படம்பிடித்தது போல இருந்தது. இதையெல்லாம் படம் பேசிக் காட்டவில்லை, செய்துவிட்டுப் போகிறது. பாடம் நடத்தும் தொனி இல்லாததால்தான் நன்றாக எடுபட்டது என்று நினைக்கிறேன்.

2019 பிப்ரவரி 24 ஆஸ்கர் இரவில் எதிரே 124 கோடி டாலர் வசூலித்த 'இன்க்ரெடிபிள்ஸ் 2' இருந்தது. அதற்கு முந்தைய ஆறு ஆண்டும் அந்த விருதை டிஸ்னியோ பிக்சரோதான் எடுத்துப் போயிருந்தன. ஸ்பைடர்-வெர்ஸ் அந்த வரிசையை உடைத்தது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருதை வாங்கிய முதல் ஆப்பிரிக்க அமெரிக்க இயக்குநர் என்ற பெயர் பீட்டர் ராம்சேக்கு. அதே வாரத்தில் படம் டிஜிட்டல் விற்பனைக்கும் வந்தது. அரங்கில் தவறவிட்டவர்கள் வீட்டில் பிடித்துக்கொண்டார்கள்.

படம் கோட்டைவிட்ட இடங்கள்

நுவாரும் பெனியும் பன்றியும் சிரிப்புக்குப் பயன்பட்ட அளவு கதைக்குப் பயன்படவில்லை. நிக்கோலஸ் கேஜ் குரல் கொடுத்த நுவார் வாயைத் திறந்தாலே அரங்கு சிரித்தது. அவனுக்கென்று ஒரு வருத்தம், ஒரு முடிவு எதையும் படம் தரவில்லை. பெனியின் ரோபோ உடையும்போது நாம் கலங்க வேண்டும் என்று படம் எதிர்பார்க்கிறது. அவளோடு நமக்கு அதுவரை பத்து நிமிடப் பழக்கம்கூட இல்லை. ஒரு பையனை நடுவில் வைத்துப் படத்தைக் காப்பாற்றிய அதே முடிவு, மற்றவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டது. இரண்டையும் ஒரே படத்தில் சாதித்திருக்க முடியுமா என்றால், 117 நிமிடத்தில் முடியாது.

கிங்பின் தோற்றத்தில் அசத்துகிறான். திரையை அடைத்துக்கொண்டு நிற்கும் கறுப்புச் சதுரத்தின் நடுவே சின்ன முகம். காமிக்ஸில் பில் ஷென்கேவிச் வரைந்த கிங்பினிலிருந்து எடுத்தது அது. இறந்த மனைவியையும் மகனையும் வேறு உலகத்திலிருந்தாவது கொண்டுவர வேண்டும் என்ற அவன் நோக்கம் உருக்கமானது. படம் அதை இரண்டு காட்சியில் முடித்துவிட்டு மோதலுக்குப் போய்விடுகிறது. எதிரணியில் டாக்டர் ஆக்டோபஸ் யார் என்று தெரியவரும் இடம் மட்டும் அரங்கில் நல்ல கைதட்டல் வாங்கியது.

இரண்டாவது முறை

'அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' 2023 ஜூன் 2 அன்று அமெரிக்காவில் வெளியானது. இயக்குநர்கள் மாறியிருந்தார்கள்: ஜொவாகிம் டோஸ் சான்டோஸ், கெம்ப் பவர்ஸ், முதல் படத்தில் கலை வடிவமைப்பைக் கவனித்த ஜஸ்டின் தாம்சன். உலகம் முழுக்க 69 கோடி டாலர். இந்தியாவில் ஒரு நாள் முன்னதாக, தமிழ் உட்படப் பத்து மொழிகளில் விட்டார்கள். அனிமேஷன் படத்துக்கு இத்தனை மொழி என்பதற்கு ஒரு காரணம் பவித்ர் பிரபாகர் என்ற இந்திய ஸ்பைடர்-மேன். மும்பையையும் மன்ஹாட்டனையும் கலந்த மும்பட்டனில் வாழ்பவன். 2004இல் கோத்தம் காமிக்ஸ் பதிப்பகத்தின் கூட்டணியில் ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் மூவரும் உருவாக்கிய பாத்திரம். அப்போது வேட்டி கட்டிய சிலந்தி மனிதன் என்று வேடிக்கையாகப் பார்க்கப்பட்டவன், இந்தப் படத்தில் பதினைந்து நிமிடத்துக்குள் எல்லோர் மனதையும் அள்ளிவிட்டுப் போனான்.

சினிமாஸ்கோர் இந்தமுறை 'ஏ'. ஒரு படி கீழே. இத்தனை பெரிய கூட்டம் வந்தும் அந்த ஒரு படி ஏன் குறைந்தது என்றால், பெரும்பகுதிக் காரணம் முடிவுதான். 140 நிமிடம் ஓடி, கதை உச்சத்துக்குப் போகும் இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். இது பாதிக் கதை என்று தெரியாமல் வந்தவர்கள் அரங்கிலேயே ஐயோ என்று கத்தினார்கள். வசனம் இசைக்குள் அமுங்கிக் கேட்கவில்லை என்ற புகாரும் முதல் வாரத்தில் பரவலாக எழுந்தது. அரங்குக்கு அரங்கு சில வசனங்களும் காட்சித் துணுக்குகளும் மாறியிருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரே படத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அதே ஜூன் மாதம் வேறொரு செய்தியும் வந்தது. படத்தில் வேலை செய்த சிலர் பெயர் சொல்லாமல் பத்திரிகையிடம் பேசினார்கள். முடித்த காட்சிகள் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டன, ஓராண்டுக்கு மேல் வாரம் ஏழு நாளும் தினம் பதினோரு மணி நேரம் உழைத்தோம், சுமார் 100 பேர் படம் முடியும் முன்பே விலகிவிட்டார்கள் என்றார்கள். சரியாக வரும்வரை திருத்துவதுதான் திரைப்படம் எடுக்கும் முறை என்பது தயாரிப்பாளர் தரப்பின் பதில். ரசிகர்களிடம் இது ஒரு சங்கடத்தை உண்டாக்கியது. வாரத்துக்கு ஒரு வினாடி என்ற கணக்கை முதல் படத்தில் வியந்து பேசிய அதே ஆட்கள்தான் இப்போது, அந்த வினாடிக்குப் பின்னால் யார் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார் என்று கேட்க வேண்டியிருந்தது.

மூன்றாம் பாகம் 2024 மார்ச்சில் வரும் என்று முதலில் அறிவித்திருந்தார்கள். 2023 ஜூலையில், ஹாலிவுட் வேலைநிறுத்தத்தின் நடுவே, அந்தத் தேதியை எடுத்துவிட்டார்கள். நுவாருக்கு மட்டும் இதற்கிடையே நல்ல காலம் பிறந்தது: நிக்கோலஸ் கேஜையே நடிக்கவைத்து ஒரு தனித் தொடர் எடுப்பதாக 2024இல் அறிவிப்பு வந்தது. மைல்ஸ் வேறோர் உலகத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். 'தொடரும்' பார்த்து எரிச்சலோடு எழுந்து வந்தவர்களிடம் கேட்டால்கூட, எத்தனை ஸ்பைடர்-மேன்கள் திரும்பி வருவார்கள் என்பதைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். அவன் அப்பா ஜெஃபர்சன் பிழைப்பாரா என்றுதான் கேட்பார்கள்.